செக்கி தட்டும் பஞ்சுக் கூண்டும்: ஒரு ஏரியைப் பின்தொடர்ந்த இரண்டு வருஷம்

பாசியை அள்ளியே தீர்த்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, இருபது பேர், கொசுவலையைத் தைத்துச் செய்த அரிவலைகள், இரண்டு தள்ளுவண்டிகள். மதியத்துக்குள் கரையோரத் தண்ணீர் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் நாங்கள் இறங்கிய தடமே இல்லை. பச்சை பழையபடி மூடியிருந்தது. போதாக்குறைக்கு, அள்ளிய பாசியைக் கரைமேலேயே குவித்து வைத்திருந்தோம். புதன்கிழமை பெய்த மழை அதில் பாதியை ஏரிக்கே திருப்பித் தந்துவிட்டது.

மூன்று ஞாயிறு இப்படிப் போனது. நான்காவது வாரம் ஏழு பேர்தான் வந்தோம். அந்த ஏழு பேரில் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் 'சார்'தான். வலையைக் கையில் எடுக்காமல் கரையில் நின்றபடியே கேட்டார்: "போன மாசத்தைவிட இப்போ நல்லா இருக்கா, மோசமா இருக்கா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் நல்லா இருக்கு என்றார், இன்னொருவர் நாற்றம் கூடியிருக்கிறது என்றார்.

"அப்போ வலையை வைங்க. முதல்ல அளப்போம்."

அந்த அளவை எங்களை எங்கெங்கே இழுத்துக்கொண்டு போனது என்பதுதான் இந்தப் பதிவு. குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். சொதப்பிய இடங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதப்போகிறேன். வேறொரு ஏரிக்கரையில் யாராவது இதே வேலையில் இறங்கினால் அவர்களுக்கு ஆகும்.

தட்டு

முதல் கருவி, தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் ஆய்வாளரும்கூட, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டுகளைக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்தார். 1899இல் ஜார்ஜ் விப்பிள் தட்டை நான்கு கால்பங்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றிப் பூசினார். ஏரிகளில் இன்றும் அதே 20 செ.மீ. தட்டுதான். கயிற்றில் கட்டி இறக்கு, மறையும் ஆழத்தைக் குறி, மெல்ல மேலே இழு, மறுபடி தெரியும் ஆழத்தைக் குறி, இரண்டுக்கும் சராசரி எடு. வேலை அவ்வளவுதான்.

செய்வதும் அவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். 6 மி.மீ. அக்ரிலிக் பலகையில் வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டு, மேலே வளையம் வைத்த போல்ட், கீழே வாஷரும் நட்டும். வீட்டில் மிச்சம் இருந்த எனாமல் பெயின்ட்டைப் பூசினேன். பார்க்க அவ்வளவு அழகு. தண்ணீரில் இறக்கியதும் இரண்டு கோளாறு தெரிந்தது. ஒன்று, எனாமலின் பளபளப்பில் வெயில் பட்டுத் தெறித்தது. தட்டு மறைந்ததா, மினுக்கம் மறைந்ததா என்றே தெரியவில்லை. இரண்டு, எடை போதவில்லை. காற்றில் விழும் இலைபோலத் தட்டு சாய்ந்து சாய்ந்து, படகுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. உப்புத்தாள் போட்டு எனாமலைச் சுரண்டி, மங்கலான பெயின்ட் அடித்தேன். கீழே ஒன்றரை கிலோ இரும்புத் துண்டு கட்டினேன். அதற்கப்புறம் நேராக இறங்கியது.

மூன்றாவது கோளாறு தெரிய இரண்டு மாதம் ஆனது. நைலான் கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு மைக்கோடு போட்டிருந்தேன், காய்ந்த கயிற்றில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து. ஒருநாள் சார் தன் அளவு நாடாவை எடுத்துக் கயிற்றோடு வைத்துப் பார்த்தார். 1 மீட்டர் என்று நான் குறித்திருந்த இடம் 1.06 மீட்டரில் நின்றது. நனைந்து நனைந்து, எடையையும் தாங்கித் தாங்கி, கயிறு நீண்டிருக்கிறது. இரண்டு மாத அளவுகளும் உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாகியிருந்தன. நல்லவேளை, தப்பு ஒரே திசையில் இருந்தது. அன்றோடு நைலானைத் தூக்கிப் போட்டுவிட்டு, நில அளவைக்காரர்கள் வைத்திருக்கும் கண்ணாடியிழை நாடாவையே தட்டில் கட்டிவிட்டோம். முதல் நாளே அதைச் செய்திருக்கலாம்.

அளக்கும் முறைக்கும் சில நியதிகள் உண்டு. காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில், சூரியன் உயரத்தில் இருக்கும்போது, படகின் நிழல் பக்கமாக இறக்க வேண்டும். குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே இடம், முடிந்தால் அதே கண். எனக்கும் படகோட்டும் அண்ணனுக்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில் 9 செ.மீ. வித்தியாசம் வந்தது. அவர் கண் கூர்மை. அதற்கப்புறம் இருவரும் பார்த்துச் சராசரி எடுத்தோம்.

முதல் மாதச் சராசரி 62 செ.மீ.

அது நல்லதா கெட்டதா என்று சொல்ல ஒரு அளவுகோல் இருக்கிறது. ராபர்ட் கார்ல்சன் 1977இல் வகுத்தது. மீட்டரில் எடுத்த செக்கி அளவின் இயல் மடக்கையை 14.41ஆல் பெருக்கி 60இலிருந்து கழிக்க வேண்டும். கணக்கு வராதவர்கள் இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 4 மீட்டர் தெரிந்தால் 40, 2 மீட்டருக்கு 50, 1 மீட்டருக்கு 60, அரை மீட்டருக்கு 70. தெளிவு பாதியாகும்போதெல்லாம் பத்து ஏறும். 50ஐத் தாண்டினால் ஏரிக்கு ஊட்டம் மிகுந்துவிட்டது என்று பொருள். எங்களுக்கு 67.

ஒரு எச்சரிக்கை. தட்டு மறைவது பாசியாலா, சேற்றாலா என்று தட்டுக்குத் தெரியாது. ஒரு கனமழைக்கு மறுநாள் எங்களுக்கு 30 செ.மீ. வந்தது. ஏரி ஒரே ராத்திரியில் செத்துவிட்டது என்று குழுவில் ஒரே களேபரம். சார் ஒரு கண்ணாடி ஜாடியில் அந்தத் தண்ணீரை முக்கால் அளவு பிடித்து, மூடி, ஆடாமல் ஓரிடத்தில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலை அடியில் விரல் பருமனுக்குச் செம்மண் படிந்திருந்தது. மேலே தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவு. வந்தது மண். கோடையில் அதே ஜாடிச் சோதனையைச் செய்தபோது காட்சி தலைகீழ். அடியில் ஒன்றுமில்லை, மேல்விளிம்பில் பச்சை வளையம் கட்டியிருந்தது. அது நீலப்பச்சைப் பாசி. அதன் செல்லுக்குள் காற்றுப்பைகள் இருப்பதால் மிதக்கும். ஒரு குச்சியை விட்டு எடுத்தாலும் தெரியும்: இழைப்பாசி தலைமுடிபோலச் சுற்றிக்கொண்டு வரும், நீலப்பச்சைப் பாசி பெயின்ட்டில் தோய்த்த மாதிரி ஒட்டும். ஒட்டினால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், நாயையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். இந்த வகைகளில் சில நஞ்சு சுரக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டோலிடோ நகரத்தில், ஈரி ஏரியில் இப்படி ஒரு பாசிப்பெருக்கு வந்து, குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று நகரம் முழுவதற்கும் அறிவித்தார்கள். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

விடியலுக்கு முன்

அடுத்து ஆக்சிஜன். மீன் செத்து மிதப்பதைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: காலையில்தான் மிதக்கும். நாங்களோ பிற்பகலில் அளந்துகொண்டிருந்தோம். லிட்டருக்கு 12, 13 மில்லிகிராம் வந்தது. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து வாங்கித் தாங்கக்கூடியதே ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். ஏரிக்கு ஆக்சிஜன் வழிகிறதே, பிறகு மீன் ஏன் சாகிறது?

சார் சிரித்தார். "பகல் முழுக்க பாசி சாப்பாடு தயாரிக்குது, ஆக்சிஜன் விடுது. ராத்திரி அதுவும் மூச்சு விடணுமே. விடிகாலையில வந்து பாருங்க."

காலை ஐந்து மணிக்குப் போனோம். இந்தச் சோதனை 1888இல் விங்க்ளர் கண்டுபிடித்த முறை. இப்போது சொட்டு மருந்துபோல ஒரு சிறு பெட்டியில் கிடைக்கிறது. குப்பியைத் தண்ணீருக்குள் முழுக அமுக்கி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும். குமிழி மாட்டினால் அளவு பொய்யாகிவிடும். மாங்கனீசு கரைசல், பிறகு காரமான அயோடைடு கரைசல். குப்பியைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கினால் உள்ளே மேகம் கட்டும். ஆக்சிஜன் இருந்தால் அந்த மேகம் பழுப்பு. இல்லையென்றால் வெள்ளையாகவே இருந்துவிடும். டார்ச் வெளிச்சத்தில் குப்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் குனிந்து பார்த்தோம். வெளிறிய மேகம், பழுப்பு என்று சொல்லவும் முடியாது. அமிலம் விட்டதும் மெல்லிய மஞ்சள். ஸ்டார்ச் விட்டதும் நீலம். அப்புறம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக, நீலம் சட்டென்று மறையும்வரை. எத்தனை சொட்டு என்பதுதான் விடை. பிற்பகலில் சொட்டு விட்டே கை வலிக்கும். அன்று நான்கே சொட்டில் நீலம் போய்விட்டது. லிட்டருக்கு 2 மில்லிகிராம்.

பெரும்பாலான மீன்களுக்கு 5 இருந்தால் நிம்மதி. 2க்குக் கீழே போனால் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு திணறும். மேகமூட்டமாக இரண்டு நாள் இருந்தால் பகலிலும் பாசி போதிய ஆக்சிஜன் விடாது. அந்த மூன்றாம் நாள் காலைதான் மீன் மிதக்கும். நாங்கள் அதுவரை குறிப்பேட்டில் எழுதிய பிற்பகல் அளவுகள் எல்லாம், நோயாளியை அவர் நன்றாக இருக்கும் நேரம் பார்த்துப் போய் விசாரித்துவிட்டு வந்த கதைதான். இப்போது விடியலிலும் பிற்பகலிலும் எடுக்கிறோம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் எங்களுக்கு வேண்டிய எண். அது கூடினால் பாசி கூடுகிறது.

இல்லாத பாஸ்பரஸ்

பாசிக்குத் தீனி பாஸ்பரஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதற்கு நான் பார்த்த வலுவான சான்று கனடாவின் ஒன்டாரியோவில் நடந்தது. சோதனைக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 226ஆம் எண் ஏரியை, 1973இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு நடுவே ஒரு நெகிழித் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும். மறு பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சையாகிவிட்டது; மற்றது தெளிவாகவே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

சரி, நாமும் அளப்போம் என்று பாஸ்பேட் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கினோம். பாஸ்பேட் இருந்தால் தண்ணீர் நீலமாகும். எவ்வளவு நீலம் என்று வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஏரி நடுவில் தண்ணீர் எடுத்துச் சோதித்தோம். நீலமே இல்லை. மறுவாரமும் இல்லை. பெட்டி கெட்டுப்போச்சு என்று மாற்றக்கூடப் போனோம்.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அது அளப்பது கரைந்து நிற்கும் பாஸ்பேட்டை மட்டும். எங்கள் ஏரியில் கரைந்ததையெல்லாம் பாசி ஏற்கெனவே தின்றுவிட்டது; பாஸ்பரஸ் முழுக்க அந்தப் பச்சைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை அளக்க மொத்தப் பாஸ்பரஸ் சோதனை வேண்டும், அமிலத்தில் வேகவைத்து ஆய்வகத்தில் செய்வது. ஆய்வகத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிறோம். ஆனால் கையிலிருந்த பெட்டியை வீணாக்கவில்லை. பாசி தின்பதற்கு முந்திய இடத்தில், அதாவது ஏரிக்குள் தண்ணீர் வந்து விழும் வாயில், அதே பெட்டியால் அளந்தால்?

முதல் மழை பெய்த அன்றே ஓடினோம். ஏரிக்கு மூன்று வரத்துக்கால்கள். இரண்டில் வெளிர் நீலம். மூன்றாவதில், அட்டையிலேயே அதைவிடக் கருத்த நீலம் இல்லை.

ஏரிக்கு மேலே

இங்கிருந்துதான் வேலையின் திசை மாறியது. ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூன்றாவது காலின் ஓரமாக மேலே நடந்தோம். எங்கே ஒரு கிளை வந்து சேர்கிறதோ, அங்கே கிளையில் ஒரு பாட்டில், சேருமிடத்துக்கு மேலே ஒரு பாட்டில். நீலம் எந்தப் பக்கம் போகிறதோ நாங்களும் அந்தப் பக்கம். தண்ணீர் எடுக்கும்போது நீரோட்டத்தை எதிர்த்து நிற்க வேண்டும், இல்லையென்றால் நம் காலடிச் சேறே பாட்டிலுக்குள் வந்துவிடும். அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். பெயரைப் பென்சிலில் எழுத வேண்டும். பேனா மை நனைந்து ஓடி, எங்களுக்கு ஒரு நாள் உழைப்பு வீண்.

முதலில் கண்டது வாய்க்காலை ஒட்டிய ஒரு சாணக்குவியல். அதை மேட்டுக்கு மாற்றி, மூடி வைக்க அரை நாள்கூட ஆகவில்லை, கேட்டதுமே மாற்றிவிட்டார்கள். அப்புறம் ஒரு மண்சாலை. மழைக்கு மழை அது கரைந்து வாய்க்காலுக்குள் வருகிறது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு பாஸ்பரஸும் வரும். வாய்க்கால் ஏரியில் விழும் இடத்துக்கு முன்னால் ஒரு வண்டல் குழி வெட்டி, கீழ்முனையில் கல் அடுக்கினோம். தண்ணீர் அங்கே தேங்கி, மண்ணைக் கீழே போட்டுவிட்டு வழியும். முதல் பருவத்திலேயே குழி பாதி நிறைந்தது. மகிழ்ச்சியில் தூர் வாரி, வாரிய வண்டலைக் குழியின் கரையிலேயே கொட்டினோம். ஆமாம், மறுபடியும் அதே தப்பு. அடுத்த மழை அதைக் குழிக்கே திருப்பித் தள்ளியது. பாசிக் குவியலில் படித்த பாடத்தை வண்டலுக்குப் போட்டுப் பார்க்க எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் அந்தக் கருநீலம் இன்னும் மேலிருந்து வந்தது. வீடுகள் இருக்கும் பகுதிக்குள் கால் நுழைந்தது. அங்கே மழைநீர்க் குழாய்கள் பதினொன்று அதில் திறக்கின்றன. மழை நின்று நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம். மழைநீர்க் குழாய் என்றால் அதற்குள் காய்ந்திருக்க வேண்டும். நான்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அது ஊற்றாகவும் இருக்கலாம், கழிவாகவும் இருக்கலாம். யார் வீட்டுக் கதவையும் தட்டுவதற்கு முன்னால் ஏதாவது கையில் வேண்டும்.

அதற்குத்தான் பஞ்சு.

துணி வெளுக்கும் சோப்புத்தூள் பெரும்பாலானவற்றில் ஒளிர்ப்பான் ஒன்று கலந்திருப்பார்கள். துணியில் ஒட்டிக்கொண்டு, வெயிலில் இருக்கும் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி விடும். வெள்ளை வெளேரென்று தெரிவது அதனால்தான். பருத்தி கிடைத்தால் விடாமல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குழாய் வாயில் பஞ்சைக் கட்டிவைத்தால், துணி துவைத்த தண்ணீர் அந்த வழியாக எப்போது போனாலும், நாம் இல்லாத நேரத்தில் போனாலும், பஞ்சு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கம்பி வலையில் கைப்பிடி அளவு கூண்டு செய்து, உள்ளே பஞ்சைத் திணித்து, தூண்டில் நரம்பால் குழாய் வாயில் கட்டினோம். ஐந்து நாள். எடுத்து, சேற்றை மெதுவாக அலசி, இருட்டில் காயவைத்தோம். வெயில் பட்டால் ஒளிர்ப்பான் சிதைந்துவிடும். ராத்திரி, என் வீட்டு அறையில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்தேன். பதினொன்றும் பளீரென்று நீலமாக மின்னின! ஒரு நிமிஷம் எங்களுக்குத் தலை சுற்றிவிட்டது. அப்புறம் சார் பையிலிருந்து பயன்படுத்தாத பஞ்சைப் பிய்த்து டார்ச்சுக்குக் கீழே வைத்தார். அதுவும் மின்னியது. கடையில் வாங்கும்போதே அந்தப் பஞ்சில் ஒளிர்ப்பான் இருந்திருக்கிறது. ஐந்து நாள் போனது. இதைச் செய்கிறவர்கள் பஞ்சை வாங்கியதும் முதலில் டார்ச்சில் காட்டுங்கள். இருட்டாகவே கிடக்கும் பஞ்சுதான் வேண்டும்.

வேறு பஞ்சோடு மறுபடி ஐந்து நாள். இந்த முறை ஒப்பிட இரண்டு கூடுதல் துண்டு: ஒன்று புதுப் பஞ்சு, ஒன்று சோப்புத்தண்ணீரில் முக்கியது. ஒரு கூண்டை யாரோ பிடுங்கிப் போய்விட்டார்கள், மிச்சம் பத்து. விளக்கை அணைத்ததும் ஏழு துண்டு இருட்டில் காணாமலே போயின. மூன்று மட்டும் தரையில் நீலத் திட்டாகக் கிடந்தன. அதிலும் ஆறாம் எண் குழாயின் பஞ்சு, சோப்பில் முக்கிய துண்டுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. அறையில் யாரும் பேசவில்லை. அண்ணன்தான் கடைசியில், "ஆறாம் நம்பர் அம்மா வீட்டு வரிசையாச்சே" என்றார்.

அந்த வரிசையில் ஐந்து வீடு. அம்மா என்று நாங்கள் சொல்வது எங்கள் கூட்டத்துக்கெல்லாம் நாற்காலி தருகிற ஒரு பெரியவரை. அவரிடமே முதலில் போனோம். பஞ்சைக் காட்டினோம், டார்ச் அடித்தோம்.

"இந்தத் தண்ணி ஏரிக்கா போகுது?"

"அப்படித்தாம்மா தெரியுது. எந்த வீடுன்னு தெரியல."

"வாஷிங் மெஷின் வச்சப்போ பிளம்பர் சாக்கடைக்குத்தான் சேர்த்திருக்கேன்னு சொன்னாரே, தம்பி. எங்க வீட்டுலயே முதல்ல பாரு."

உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நிறமி விட்டுப் பார்த்தோம். புளோரசீன் என்ற பச்சை நிறமி, சிட்டிகை போதும். நான் கரண்டியளவு போட்டுவிட்டேன். மெஷின் குழாயில் ஊற்றிய நான்காவது நிமிஷம், கீழே நின்ற அண்ணன் போனில் கத்தினார்: "வந்துடுச்சு, வந்துடுச்சு... டேய், எவ்ளோ போட்ட?" வாய்க்கால் சாயங்காலம்வரை விளையாட்டுப் பொம்மை நிறத்தில் ஓடியது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் போன் செய்தார்கள். அன்று ஒரு நாளில் எங்கள் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், அதற்கு முந்திய ஒரு வருஷத்தில் கேள்விப்பட்டவர்களைவிட அதிகம்.

அம்மா வீடும் பக்கத்து வீடும். இரண்டிலும் துவைக்கிற தண்ணீர் மழைநீர்க் குழாயில் சேர்க்கப்பட்டிருந்தது. இரண்டு வீட்டுக்காரருக்குமே அது தெரியாது. ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். ஒளிர்ந்த இன்னொரு குழாய்க்குக் காரணம் வேறு. ஒரு வீட்டுக் கழிவுத்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கட்டியதிலிருந்து திறந்தே பார்த்ததில்லையாம். மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது அடியில் சேர்ந்த கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த வீட்டில் பேச்சு அவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. ஏழு மாதம் கழித்துத்தான் லாரி வந்தது.

மிதவைத் தோட்டம்

இதற்கிடையில் குழுவில் சிலருக்கு மிதவைத் தோட்டத்தின்மேல் ஆசை. பி.வி.சி. குழாயில் சட்டம், மேலே தென்னைநார்ப் பாய், அதில் கல்வாழையும் வெட்டிவேரும். வேர்கள் தண்ணீருக்குள் தொங்கி ஊட்டச்சத்தை உறிஞ்சும். செய்தோம், நன்றாகவே வந்தது. நங்கூரக் கயிற்றை மட்டும் அன்றைய ஆழத்துக்குச் சரியாகக் கட்டிவிட்டோம். மழையில் நீர்மட்டம் ஏறியதும் ஒரு மூலை உள்ளே இழுபட்டு, தோட்டம் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. கயிறு ஆழத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்க வேண்டும்.

என் அபிப்பிராயம்: பெரிய ஏரியில் இரண்டு மிதவை போட்டு எண்ணில் மாற்றம் பார்க்க முடியாது. செடியை வெட்டி வெளியே எடுத்துப் போனால்தான் அது உறிஞ்சிய பாஸ்பரஸும் வெளியே போகும். விட்டுவிட்டால் மட்கி ஏரிக்கே திரும்பும். வெட்டுகிற அன்று யாரும் படம் எடுக்க வருவதில்லை. அதே உழைப்பைக் கரையோரத்தில் சில மீட்டர் அகலத்துக்குக் கோரையும் புல்லும் புதரும் வளர விடுவதில் போடலாம் என்பேன். கரையை வழித்துச் சுத்தமாக வைத்திருப்பது பார்க்க அழகு. மழைத்தண்ணீரைத் தடுத்து வடிகட்ட அங்கே ஒன்றும் இருக்காது. நாங்கள் நட்ட முதல் நாற்றுகளைப் பறவைகள் ஒரே வாரத்தில் பிடுங்கிவிட்டன. வேர் பிடிக்கும்வரை வலை போட்ட பிறகு நின்றன.

இப்போது

கருநீலம் போய்விட்டது. மூன்றாவது காலும் மற்ற இரண்டைப் போல வெளிர் நீலத்துக்கு வந்திருக்கிறது. தட்டு? போன கோடையில் 62, இந்தக் கோடையில் 71. மழைக்குப் பின் ஒருமுறை 85 வந்தது. ஒரு மாதம் 58க்கும் போனது.

இவ்வளவு செய்தும் ஏன் இவ்வளவுதான் என்று கேட்கிறார்கள். ஏரியின் அடிச்சேற்றில் பல வருஷத்துப் பாஸ்பரஸ் இரும்போடு பிணைந்து கிடக்கிறது. அடியில் ஆக்சிஜன் இருக்கும்வரை பிடித்து வைத்திருக்கும். தீர்ந்ததும் மேலே விட்டுவிடும். வெளியிலிருந்து வருவது நின்றாலும் உள்ளே இருப்பு இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் ஏரிக்கு வந்த சுத்திகரித்த கழிவுநீரை 1963 தொடங்கி 1968க்குள் படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். அங்கே கோடையில் 1 மீட்டருக்கும் கீழே போயிருந்த தெளிவு 1970களின் நடுவில் பல மீட்டருக்கு ஏறியது. அது ஆழமான ஏரி, சீக்கிரம் தேறியது. எங்களுடையது ஆழமில்லாதது, காற்றடித்தாலே அடிச்சேறு கலங்கும். இன்னும் எத்தனை வருஷமோ, அளந்துதான் பார்க்க வேண்டும்.

போன சனிக்கிழமை தட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்தேன், வெள்ளைப் பக்கம் பழுப்பேறிவிட்டது. பதினொரு குழாயிலும் கூண்டு மாற்றியாயிற்று. ஆறாம் எண் இருட்டாக இருக்கிறது. ஒன்பதாம் எண்ணில், போன தடவை ஒன்றுமே இல்லாத இடத்தில், லேசாக ஒரு நீலம். அம்மா டார்ச்சை வாங்கி இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு, அந்த வரிசையில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் தானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.